திரும்புதல்

பதின்மூன்று வருடம் மஞ்சள் பலகையோடு ஓடிய டவேரா
போன புதன்கிழமை வெள்ளைப் பலகைக்கு மாறியது.
"என்ன சூசை, ஓட்டுறதை விட்டுட்டியா?"
ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டார்கள்.
இனிமேல்தான் ஓட்டப்போகிறேன் என்றேன்.

டானிங்டனில் கரண்ட் போய் இரண்டு மணி நேரம்.
வரைபடம் சுருண்டுகொள்ளாமலிருக்க
ஒரு மூலையில் ஜாக்கிக் கைப்பிடி, ஒன்றில் இரண்டு கேரட்,
ஒன்றில் தேவானையின் கண்ணாடிக் கூடு.
நாலாவது மூலை அடங்கவே இல்லை.

முதலில் நேபாளம் என்றுதான் போட்டிருந்தேன்.
கோரக்பூர் வரை எத்தனை லிட்டர், எந்த ஊரில் படுக்கை,
எல்லையில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும்
எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில்.
அவள் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினாள்.
தெற்கு மேலே வந்தது.

"இங்க."
"அதுக்கு ரோடு இல்ல தேவானை."
"கப்பல் இருக்குல்ல?"

கப்பலில் ஆள் போகலாம். வண்டிக்குப் பெட்டி வேண்டும்.
தூத்துக்குடியில் சக்கரங்களைக் கட்டி
பேட்டரி வயரைக் கழற்றி
டாங்கியில் ஒரு சொட்டுபோல டீசல் விட்டு
இருட்டில் பூட்டி அனுப்புவார்கள்.
கொழும்பில் பூட்டைத் திறக்கையில் நாங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.
பிறகு அட்டன். பிறகு பொகவந்தலாவை.

அங்கே என்ன இருக்கிறது?
தேயிலை. சில்வர் ஓக். பனி. அட்டை. கொண்டை ஊசி வளைவு.
மூன்று லட்சம் செலவழித்துக்
கோத்தகிரியிலிருந்து கோத்தகிரிக்குப் போகிற முதல் ஆள்
நானாகத்தான் இருக்கும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
சிரிக்காமலும் இல்லை.

ஆறு வயதில் இந்தப் பக்கம் வந்தவள்.
ஒன்றும் ஞாபகமில்லை என்பாள். பொய்யில்லை,
இருபத்தேழு வருடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.
மண்டபம் முகாமில் தந்த ரொட்டியின் புளிப்பு மட்டும்.
அதுவும் இந்தக் கரை ரொட்டி.

கார்னே என்பது வண்டிக்கு பாஸ்போர்ட் மாதிரி.
அதன் படிவம் எதையும் விடாமல் கேட்கிறது.
நிறம்? எஞ்சின் எண்? சீட்டுத் துணி என்ன?
ரேடியோ உண்டா? ஸ்டெப்னி எத்தனை?
நான் வாசிக்க வாசிக்க அவள் எழுதினாள்.
ரேடியோவில் பேனா நின்றது.

"அப்பாகிட்டயும் இப்படித்தான் எழுதிக்கிட்டாங்களாம்.
தையல் மெஷின் ஒண்ணு, வெங்கலக் குடம் ரெண்டு,
சைக்கிள் ஒண்ணு, பிள்ளைங்க நாலு.
சைக்கிளைத் தலைமன்னாரிலேயே இறக்கிட்டாங்க.
பிள்ளைங்கள்ல யாரையும் இறக்கல."

அவ்வளவுதான். ரேடியோ உண்டு என்று எழுதினாள்.
பாடாது என்பதை எழுத இடமில்லை.

கடைசித் தாள் பிணை.
வண்டி திரும்பாவிட்டால் வங்கியில் கட்டிய பணம் திரும்பாது.
"திரும்பி வருவோம்னு கையெழுத்துப் போடணும்."

"எங்க தாள்லயும் திரும்புறோம்னுதான் போட்டிருந்துச்சு.
தாயகம் திரும்புவோர்.
அப்பா பொறந்தது அங்க. தாத்தா பொறந்ததும் அங்க.
எப்பப் போனீங்க, இப்பத் திரும்புறதுக்குன்னு
ஒருத்தரும் கேக்கல."

எனக்குத் தெரிந்த திரும்புதல் வேறு.
குஞ்சப்பனைக்கு மேலே ஹாரன் அடித்து, இரண்டாம் கியரில்,
ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிப்பது.
வந்த ரோடு முழுசாய்க் கண்ணுக்குத் தெரியும்,
கை நீட்டினால் தொட்டுவிடலாம்போல.
ஆனாலும் அதில் நாம் இல்லை.
இதை அவளிடம் சொல்ல நினைத்தேன்.
தகரத்தில் மழை பலமாக இருந்தது.

என் பெயருக்கு நேரே அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.
அடித்துவிட்டுக் கீழே நான் போட்டேன்.
அடித்தல் உள்ள படிவத்தை ஏற்பார்களோ மாட்டார்களோ.

கரண்ட் வந்தது. பேட்டரி விளக்கை அணைத்துவிட்டு
கேரட் இரண்டையும் குழம்புக்கு எடுத்துப் போனாள்.
வரைபடம் அந்தப் பக்கம் சுருண்டது.

உள்ளேயிருந்து குரல்:
"வைப்பர் ரப்பர் ரெண்டு செட்டா வாங்கு.
அங்கயும் இதே மழையாத்தான் இருக்கும்."